நிஷாகந்தி பூக்கலையா, மொட்டு உதிருதா, அழுகுதா? தர்மபுரி வெயில்லயும் ஓசூர் குளிர்லயும் பட்ட பாடு

ராத்திரில பூத்து விடியறதுக்குள்ள வாடிடற வெள்ளைப் பூச்செடி நிஷாகந்தி, எங்க வீட்டுதுக்கு இப்ப 11 வயசு. பக்கத்து வீட்டு அத்தைகிட்ட அம்மா ஒரே ஒரு இலைய வாங்கிட்டு வந்து பழைய பெயிண்ட் டப்பால குத்தி வச்சாங்க, அதுலருந்து ஒரு துண்ட அக்கா கல்யாணமாகி ஓசூர் போறப்போ எடுத்துட்டு போச்சு. ஆக தாய்ச்செடி ஒண்ணு, ஊரு ரெண்டு. இங்க தர்மபுரில சித்திரை வெயில்ல கருகும், அங்க ஓசூர்ல ஐப்பசி ஈரத்துல அழுகும், வாரம் தவறாம அக்காகிட்டருந்து ஃபோட்டோ வரும், "டேய் இது என்னான்னு பாருடா"ன்னு. அப்பிடி பாத்துப் பாத்து தெரிஞ்சுக்கிட்டத, செடில என்ன தெரியுதோ அத வச்சே எழுதறேன், உங்க செடிக்கு எது பொருந்துதோ அத மட்டும் படிச்சா போதும்.

ஒண்ணு மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க. நம்ம பக்கம் பாதி பேரு இத பிரம்மகமலம்னு சொல்றோம். நெஜ பிரம்மகமலம் இமயமலை மேல வளர்ற வேற செடி, உத்தரகண்டோட மாநிலப் பூ. நம்மகிட்ட இருக்கிறது மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துக் காட்டுச் செடி, எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம்னு பேரு, கள்ளிக் குடும்பம். பேர எப்பிடி வேணா சொல்லிட்டுப் போங்க, ஆனா அந்த "கள்ளி"ங்கிற வார்த்தைதான் பாதி செடிய கொல்லுது. கள்ளின்னதும் நமக்கு காட்டோரத்து சப்பாத்திக்கள்ளி ஞாபகம் வருது, உடனே மொட்டமாடி வெயில்ல வச்சு தண்ணி காட்டாம விட்டுடறோம். இது அந்த ரகமே இல்ல. காட்டுல பெரிய மரத்தோட கிளைக்கவட்டில, மக்குன இலையும் பட்டையும் சேந்த இடத்துல ஒட்டிக்கிட்டு வளர்ற செடி. மழ பேஞ்சா நல்லா நனையும், அடுத்த நிமிஷம் தண்ணி வடிஞ்சு போயிடும், வெயிலு இலை சந்துல சல்லடை மாதிரி விழும், காத்து எந்நேரமும் ஈரமா இருக்கும். இந்தப் படத்த மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா கீழ எழுதியிருக்கிறதுல பாதிய நீங்களே சொல்லிடுவீங்க.

எந்தப் பிரச்சனையா இருந்தாலும் மருந்துக் கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி ரெண்டு வேல செய்ங்க. தொட்டிய ரெண்டு கையால தூக்கிப் பாருங்க, கனமா இருக்கா லேசா இருக்கான்னு. அப்புறம் ஆள்காட்டி விரல ரெண்டு கணு வரைக்கும் மண்ணுல விட்டுப் பாருங்க. மேல காஞ்சு வெள்ளையா இருக்கும், உள்ள சகதியா இருக்கும், மேல மட்டும் பாத்துட்டு தண்ணி ஊத்தித்தான் நான் மொத செடிய சாகடிச்சேன்.

இலை சுருங்கி தொளதொளன்னு தொங்குது

நாம இலைங்கிறது உண்மையில இலையே இல்ல, தட்டையான தண்டு, அதுலதான் தண்ணிய சேத்து வச்சிருக்கும். அது தொளதொளன்னு ஆச்சுன்னா உள்ள சரக்கு காலின்னு அர்த்தம். ஆனா ஏன் காலியாச்சுங்கிறதுலதான் எல்லாரும் ஏமாந்து போறோம், ஏன்னா தண்ணியே இல்லன்னாலும் இப்பிடித்தான் ஆகும், தண்ணி அதிகமாகி வேர் அழுகிப்போயி இருக்கிற தண்ணிய உறிஞ்ச முடியலன்னாலும் அச்சு அசலா இதே மாதிரிதான் ஆகும். வெளில பாத்தா வித்தியாசமே தெரியாது.

தொட்டி லேசா இருக்கு, விரலுக்கு ஈரம் தட்டலன்னா தாகம். பக்கெட் தண்ணில தொட்டிய 20 நிமிஷம் முங்க வச்சு எடுத்து முழுசா வடியவிடுங்க, மேல ஊத்தாதீங்க, ஏன்னா காஞ்சு இறுகின கோகோபீட் (தேங்காநார்த் தூள்) தண்ணிய உள்ள விடாது, ஓரமா ஓடி அடி வழியா வந்துடும், நீங்களும் ஊத்திட்டோம்னு நெனச்சுக்குவீங்க. நாலஞ்சு நாள்ல இலை விறைச்சுக்கும். தொட்டி கனமா இருக்கு, உள்ள ஈரமும் இருக்கு, இலை மட்டும் தொங்குதுன்னா வேர்தான் போயிருக்கு, இன்னும் தண்ணி ஊத்தினீங்கன்னா முடிஞ்சது கத. செடிய தொட்டிலருந்து உருவி வேரப் பாருங்க. வெளிர் நிறமா கெட்டியா இருந்தா நல்ல வேர், கருப்பா கொழகொழன்னு இழுத்தா கையோட வந்துடற வேர் செத்த வேர், அதயெல்லாம் வெட்டிடுங்க.

மூணாவதா ஒண்ணு இருக்கு, மே மாசத்துல மட்டும் நடக்கும். மத்தியானம் 38 டிகிரி அடிக்கிறப்போ தண்ணி சரியா இருந்தாலும் இலை லேசா தொவண்டு போகும், பொழுது சாஞ்சா தானா நிமுந்துக்கும். அதுக்கு ஒண்ணும் செய்ய வேணாம், நிழல் மட்டும் பாத்துக்கங்க.

அடித்தண்டு பழுப்பா கூழ் மாதிரி ஆகுது

இது அவசரக் கேஸு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. ஆனா மொதல்ல ஒரு சந்தேகத்த தீத்துக்கங்க, வயசான செடில அடித்தண்டு பழுப்பா மரப்பட்டை மாதிரி ஆகறது சகஜம், அமுக்கிப் பாத்தா கெட்டியா இருக்கும், அது நோயில்ல. அமுக்கினா உள்ள போச்சு, நாத்தம் அடிச்சுதுன்னாதான் அழுகல்.

பிளேட ஸ்பிரிட்டுல தொடச்சுட்டு அழுகலுக்கு மேல ரெண்டு இன்ச் விட்டு நல்ல பச்சையில வெட்டுங்க. வெட்டின வாய்ல நடுவுல பழுப்பு வளையம் தெரிஞ்சா இன்னும் மேல ஏறி வெட்டணும், சுத்தமான பச்சை வர்ற வரைக்கும், பாவம் பாக்காதீங்க. அப்புறம் அந்தத் துண்ட நிழல்ல, காத்தோட்டமான இடத்துல 7லருந்து 10 நாள் சும்மா போட்டு வைங்க. வாய் காஞ்சு தோல் மாதிரி ஆகணும். பட்டைப்பொடி தடவுவாங்க, மஞ்சத்தூள் தடவுவாங்க, தடவிக்கங்க, ஆனா வேல செய்யறது அது காஞ்சு போறதுதான். அக்காவுக்கு இந்த 10 நாள்தான் ஆகாது, வெட்டின கையோட ஈர மண்ணுல சொருகிடும், அப்புறம் எனக்கு ஃபோன் வரும்.

அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் மண்ணு. நான் நர்சரில வாங்கின ஒரு செடி, கவர பிரிச்சா முழுக்க செம்மண்ணு, செங்கல் மாதிரி இறுகிக் கெடந்துச்சு, மரத்து மேல வாழற செடிக்கு அது உயிரோட புதைக்கற மாதிரி. வாங்கினதும் கலவைய மாத்திடுங்க. நான் போடறது இதுதான்: கழுவுன கோகோபீட் ரெண்டு பங்கு, மாந்தோப்புல மரத்தடில கெடக்கற மக்குன இலை ஒரு பங்கு, பட்டாணி சைஸுக்கு உடைச்ச செங்கல் ஜல்லி ஒரு பங்கு, ஒரு கை அடுப்புக்கரி, ஒரு கை மண்புழு உரம். பெர்லைட் (நர்சரில விக்கற லேசான வெள்ளைக் கல்லு) வேணும்னா ஜல்லிக்குப் பதிலா போடலாம், ஆனா தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்துக்கிட்டு, சுத்தி இவ்ளோ மாந்தோப்பு இருக்கறப்போ மக்குன இலைய காசு குடுத்து வாங்காதீங்க. கோகோபீட்ட மட்டும் மூணு தண்ணி மாத்தி அலசணும், நார் மில்லுலருந்து நேரா வர்ற தூள்ல உப்பு இருக்கும்.

இலை மஞ்சளா, வெளுத்து, இல்ல செவப்பா மாறுது

வெயில் படற பக்கம் மட்டும் மாறியிருந்தா அது வெயில் வேலதான். லேசா செவப்பு ஓடினா பரவால்ல, பயந்துக்க வேணாம், மஞ்சளாகி வெள்ளைத் திட்டு வந்து காகிதம் மாதிரி காஞ்சா அது சூடு பட்ட தழும்பு, அது திரும்ப பச்சையாகாது. காலைல 9, 10 மணி வரைக்கும் வர்ற வெயில் நல்லது, தர்மபுரில மார்ச் பொறந்துட்டா அதுக்கு மேல வேணாம். கெழக்குப் பாத்த திண்ணை, வேப்பமரத்தடி, இல்ல 50 சதவீத ஷேட் நெட்டு. ஓசூர்ல கதை வேற, அது கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், நாங்க அதுல பாதிதான், அக்கா வீட்ல 11 மணி வெயில்லயும் செடி சிரிச்சுக்கிட்டு நிக்கும். அங்க பாத்துட்டு வந்து இங்க அதே மாதிரி வச்சு நான் ஒரு பக்கம் பூரா வேகவச்சேன்.

டிராகன் ஃப்ரூட் போட்டிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை, அதுவும் மரமேறி, ராத்திரி பூக்கற கள்ளி, இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அதுக்கு வெயில் இன்னும் நெறைய வேணும், ஆனா கோடை உச்சத்துல அதோட மேல்தண்டும் இதே மாதிரி மஞ்சளாகி வேகும்.

வெயில் படாத இடத்துலயும், புதுசா வர்ற இலை எலுமிச்ச மஞ்சளா வந்துச்சுன்னா வெயில விட்டுடுங்க, கீழ தண்ணி பத்தி எழுதியிருக்கேன் பாருங்க.

தொட்டி மேல வெள்ளைப் பொறுக்கு, இலை நுனி கருகுது

இது நம்ம ஜில்லா வியாதி. போர் தண்ணில உப்பு. நம்ம பக்கத்துத் தண்ணி எப்பிடின்னு உங்களுக்கே தெரியும், ஃப்ளோரைடு தொல்லை தாங்காமத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்துச்சு, 2013ல திறந்தாங்க. செடிக்குத் தொல்ல பண்றது தண்ணியோட கடினமும் உப்பும். மண்ணுல சேந்துக்கிட்டே போயி வேர் நுனிய பொசுக்கும், மண்ணு காரமாகிட்டா இரும்புச்சத்து மண்ணுல இருந்தும் செடியால எடுத்துக்க முடியாது, அதான் அந்த எலுமிச்ச மஞ்சள். தண்ணில கரைஞ்ச உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர் இருந்தா வச்சுப் பாருங்க, எங்க போர் தண்ணிக்கும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணிக்கும் மலைக்கும் மடுவுக்கும் இருந்துச்சு.

இதுல பெரிய கொடும என்னன்னா ஆர்ஓ மிஷின்லருந்து வெளிய போற தண்ணி. வீணாப் போகுதேன்னு நல்ல மனசோட புடிச்சு செடிக்கு ஊத்தறோம், மாமாவும் அதத்தான் ஒரு வருஷம் செஞ்சாரு. வடிகட்டி விட்ட உப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு, பாத்ரூம் கழுவுங்க, பாத்திரம் அலசுங்க, இந்தச் செடிகிட்ட கொண்டு போகாதீங்க. மழத்தண்ணி புடிச்சு வைங்க, ஏசி தண்ணி இருந்தா அதுவும் நல்லதுதான், ஒண்ணும் இல்லன்னா போர் தண்ணியே ஊத்துங்க, ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ தொட்டியோட அளவுக்கு மூணு மடங்கு நல்ல தண்ணிய மெதுவா ஊத்தி உப்ப கழுவி அடில விட்டுடுங்க. மழ நாள்ல தொட்டிய வெளில வச்சாலே அந்த வேல ஆயிடும். மேல படிஞ்ச வெள்ளைப் பொறுக்க சுரண்டி எறிஞ்சுட்டு புதுக் கலவை கொஞ்சம் போடுங்க.

வருஷக்கணக்கா ஆச்சு, பூக்கவே இல்ல

மொதல்ல வயச சொல்லுங்க. துண்டு வச்சு ரெண்டு மூணு வருஷம் ஆகலன்னா பொறுமையா இருங்க. விளைஞ்ச, ஏற்கெனவே பூத்த கொடிலருந்து எடுத்த துண்டுன்னா கொஞ்சம் சீக்கிரம் பூக்கும், அதனால யார்கிட்டயாவது கேட்டு வாங்கறப்போ இளசா பளபளன்னு இருக்கறத கேக்காதீங்க, முரட்டு இலையா பாத்துக் கேளுங்க.

வயசு ஆயிடுச்சுன்னா தொட்டி சைஸ பாருங்க. பாசத்துல பெரிய டிரம்முல வைக்கறோம், செடியும் வேர் விட்டுக்கிட்டே இருக்கும், பூவ பத்தி நெனப்பே வராது. இதுக்கு வேர் நெருக்கிக்கிட்டு இருந்தாத்தான் பூ. எங்களுது 8 இன்ச் தொட்டில 5 வருஷமா இருக்கு, மேல பாத்தா ஆள் உயரத்துக்குப் புதர், அது சாயாம இருக்க ஜன்னல் கம்பில கட்டியிருக்கோம்.

அடுத்தது உரம். சாணி, மாட்டு எரு, யூரியான்னு தழைச்சத்தா போட்டுத் தள்ளினா இலை இலையா வரும், பாக்க ஜோரா இருக்கும், பூ வராது. மாசி கடைசிலருந்து உரக்கடைல 0:52:34னு கெடைக்கிற, தழைச்சத்து இல்லாம மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் இருக்கற உரம், ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், 15 நாளைக்கு ஒரு தடவ, ஈரமா இருக்கிற மண்ணுல ஊத்துங்க, காஞ்ச மண்ணுல ஊத்தினா வேர் வெந்துடும். மூணு நாலு தடவ போதும். பாக்கெட்டுல போட்டிருக்கிறது வயலுக்கான அளவு, தொட்டிக்கு அதப் பாத்துப் போடாதீங்க.

கார்த்திகை முடிஞ்சு மார்கழி, தை ரெண்டு மாசம் செடிக்கு ஓய்வு குடுங்க. உரம் வேணாம், தண்ணிய பாதியா கொறைங்க, இலை சுருங்காத அளவுக்கு ஊத்தினா போதும். அந்தக் குளிரும் வறட்சியும் முடிஞ்சு கோடை மழ ரெண்டு அடிச்சதும் இலை ஓரத்து வெட்டுல குண்டூசித் தலை சைஸுக்கு முண்டு கட்டும் பாருங்க, அதான் மொட்டு. அப்புறம் இன்னொண்ணு, நல்லா வளந்த இலைய அசிங்கமா இருக்குன்னு வெட்டாதீங்க, பூ அந்த வயசான இலைலதான் வரும். எங்க பக்கத்து வீட்ல வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்ட சுத்தம் பண்றேன்னு இத கிராப் அடிச்ச மாதிரி வெட்டி விட்டுட்டு, "எங்களுது ராசியில்லாத செடி"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க.

வருஷத்துக்கு ஒரே ராத்திரிதான் பூக்கும்னு சொல்றதயும் நம்பாதீங்க. ஒவ்வொரு பூவுக்கும்தான் ஒரு ராத்திரி, செடி நல்லா இருந்தா வைகாசிலருந்து புரட்டாசி வரைக்கும் மூணு நாலு தவணையா பூக்கும்.

மொட்டு வருது, விரியாம உதிருது

என்ன அதிகமா அழவச்ச கேஸு இதுதான். மொட்டு கட்டி விரியறதுக்கு மூணு நாலு வாரம் ஆகும், அந்த ஒரு மாசமும் செடிய புள்ளத்தாச்சி மாதிரி பாக்கணும்.

கடுகு சைஸுல, அரை இன்ச்சுல உதிர்ந்தா கண்டுக்காதீங்க, தாங்க முடியற அளவுக்கு மேல மொட்டு கட்டும், மிச்சத்த அதுவே கழிச்சு விடும். ரெண்டு மூணு இன்ச் வளந்தப்புறம் மஞ்சளாகி விழுந்தாத்தான் நம்ம தப்பு. தண்ணி முறை மாறிச்சா யோசிங்க, ஊருக்குப் போனோம், நாலு நாள் காஞ்சுது, வந்ததும் குத்த உணர்ச்சில ரெண்டு நாள் சேத்து ஊத்தினோம், அவ்ளோதான், கொட்டிடும். மொட்டு இருக்கறப்போ மண்ணு முழுசா காயவும் கூடாது, சொதசொதன்னும் இருக்கக் கூடாது.

அப்புறம் தொட்டிய நகத்தறது. மொட்ட பாத்ததும் சந்தோஷத்துல எல்லாரும் பாக்கட்டும்னு வாசலுக்குக் கொண்டு வர்றோம், வெளிச்சம் வர்ற பக்கம் மாறினதுமே செடி கோச்சுக்கும். எடத்த மாத்தணும்னா மொட்டு வர்றதுக்கு முன்னாடியே மாத்துங்க. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா இந்த மொட்டு எம்மாத்திரம், அந்தக் கழுத்து ஆடிக்கிட்டே இருந்தா காம்பு விட்டுடும், இலைய துணிக்கயித்தால தளர்வா கட்டி வைங்க, காத்தடிக்கிற பக்கம் ஒரு சாக்கு தொங்க விடுங்க. உள்பக்கம் ஓட்ட போட்டு யாரோ தின்ன மாதிரி இருந்தா நத்தை, ராத்திரி 9 மணிக்கு டார்ச் அடிச்சுப் பாருங்க, கையும் களவுமா சிக்கும்.

வெள்ளைப் பஞ்சு, ஊர்ற எறும்பு

எறும்பு சாரை போகுதுன்னா கூடவே போயிப் பாருங்க, அது மாவுப்பூச்சிகிட்டதான் கொண்டு போயி விடும், அதோட இனிப்புக் கழிவுக்காக எறும்பு அத மேய்ச்சுக்கிட்டு இருக்கும். கொஞ்சமா இருந்தா காது பட்ஸ சர்ஜிக்கல் ஸ்பிரிட்டுல நனைச்சு ஒவ்வொண்ணா தொட்டு எடுங்க. நெறைய இருந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலங்கற அளவுக்கு கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், நல்லா குலுக்கி சாயங்காலமா அடிங்க, வெயில்ல அடிச்சா எண்ணெயோட சேந்து இலை வெந்துடும். வாரத்துக்கு ஒரு தடவ, மூணு வாரம். மொட்டு மேல அடிக்க வேணாம். பழுப்பு பொட்டு மாதிரி ஒட்டிக்கிட்டு நகத்தால சொரண்டினா உதிர்றது செதில் பூச்சி, அதுக்கும் இதே வைத்தியம்.

சொரண்டினாலும் வராத பழுப்புச் சொறி, இலைக்கு உள்ளயே இருந்தா, பெரும்பாலும் குளிரும் ஈரமும் சேந்து வந்த தழும்பு, ஓசூர் செடில நெறைய இருக்கும். பரவலன்னா விட்டுடுங்க.

ஒல்லியா வால் மாதிரி நீட்டமா கொடி வருது

உருண்டையா சாட்டை மாதிரி மேல போறது அதோட சுபாவம், மரமேறி இல்லையா, பின்னாடி அதுலருந்து தட்டை இலை பக்கவாட்டுல வரும். எல்லாக் கொடியும் ஒல்லியா வெளிறி ஒரே பக்கம் சாஞ்சா மட்டும் வெளிச்சம் பத்தலன்னு அர்த்தம். தண்டுல வேர் தொங்கினா அதுவும் நோயில்ல.

எல்லாம் சரியா இருந்துச்சு, பூத்தத பாக்கல

இதுவும் ஒரு பிரச்சனதான், எங்களுக்கு நடந்துச்சு. ஆடி பதினெட்டுக்கு குடும்பத்தோட ஒகேனக்கல் போயிட்டு, அங்கருந்து பென்னாகரத்துல சொந்தக்காரங்க வீட்ல ராத்திரி தங்கிட்டு காலைல வந்து பாத்தா ஏழு பூவும் உரிச்ச கோழி மாதிரி தொங்கிட்டு இருக்கு. அதுக்கப்புறம் கணக்கு கத்துக்கிட்டேன். மொட்டு கீழ தொங்கிக்கிட்டு இருக்கிற வரைக்கும் டைம் இருக்கு. கழுத்து வளைஞ்சு தூண்டில் முள்ளு மாதிரி மேல நிமிந்து, தலை குண்டாக ஆரம்பிச்சா இன்னும் ரெண்டு மூணு நாள். அன்னைக்கு மத்தியானமே நுனி தளர்ந்து வெள்ளை எட்டிப் பாக்கும். ஏழு எட்டு மணிக்கு விரிய ஆரம்பிச்சு 10லருந்து 12 மணிக்குள்ள முழுசா விரிஞ்சுடும், வாசனை தெருவுக்கே போகும், காட்டுல அந்த வாசனைக்குத்தான் ராத்திரிப் பூச்சி தேடி வரும். அன்னைக்கு ராத்திரி மட்டும் தொட்டிய தூக்கி ஹால்ல வச்சு பூஜ பண்ணிக்கலாம், ஒண்ணும் ஆகாது, அதுக்கு மேல கெடறதுக்கு ஒண்ணும் இல்ல.

விடியறதுக்குள்ள பூ வாடிடும். அக்கா மொத தடவ பூத்தப்போ காலைல ஆறு மணிக்கு பதறிக்கிட்டு ஃபோன் பண்ணுச்சு, தண்ணி பத்தாமத்தான் தொங்கிடுச்சுன்னு நெனச்சு ரெண்டு சொம்பு ஊத்திட்டுதான் பண்ணுச்சு. ஊத்தாதீங்க. வாடின பூ ரெண்டு மூணு நாள்ல தானா விழும், நம்ம பக்கம் காய் புடிக்கறது அபூர்வம், அதனால நீங்களே திருகி எடுத்தாலும் தப்பில்ல. பூத்த அந்த இலைய மட்டும் வெட்டிடாதீங்க, பக்கத்து வெட்டுல அடுத்த மொட்டு இருக்கும்.